ஒரே ஒரு வீட்டில் மட்டும் அடித்த புயல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், இந்திய வங்கிகள் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். வீட்டுக் கடன் கட்டுபவருக்குச் சாவோ நோயோ வந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தவணையில் ஆறு மாதம் அவகாசம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். 31 வருஷம் ஒரு வங்கியில் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். கிளார்க்காகச் சேர்ந்து அதிகாரியாகி, கடைசி ஏழு வருஷம் கடன் பிரிவைப் பார்த்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றேன். சட்டம், சுற்றறிக்கை, படிவம் எல்லாம் ஓரளவு தெரியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்போடுதான் 2024 டிசம்பரில் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு வேறொரு வங்கியின் கிளைக்குப் போனேன். வங்கியின் பெயர் வேண்டாம். இது எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது.

தங்கை கணவர் நவம்பர் 21 அன்று மாரடைப்பில் போய்விட்டார். வயது 47. மதுரைக்கு வெளியே 2017-இல் ஒரு வீடு கட்டினார்கள். 30 லட்சம் கடன், 20 வருஷம், மாதத் தவணை இருபத்தாறாயிரத்துச் சொச்சம். எங்கள் பக்கம் இதை 'டியூ' என்போம். வீடு அவர் பெயரில். கடனில் தங்கையும் இணைக் கடனாளி. அதாவது, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், பதினாலாயிரம் சம்பளம். பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான்தான் அவசரப்படுத்தினேன், ஒழுங்காகச் செய்கிறோம் என்று. அன்றைக்கே அவருடைய சம்பளக் கணக்கை முடக்கினார்கள். விதிப்படி சரிதான், நானும் எத்தனையோ கணக்கை அப்படி முடக்கியவன். கடைசி மாதச் சம்பளம் அந்தக் கணக்கில் கிடந்தது. டிசம்பர் 5 அன்று அதே கணக்கிலிருந்து போக வேண்டிய டியூ போகவில்லை. தவணை திரும்பியதற்கு ஒரு கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. கடன் அதே வங்கியில், பணமும் அதே வங்கியில். பூட்டுப் போட்டவர்களே கதவு ஏன் திறக்கவில்லை என்று அபராதம் போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பதினாறாம் நாள் காரியம். ஐயர் வந்து உட்கார்ந்தாயிற்று, சாப்பாட்டுக்காரர் எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் போன் அடிக்கிறது. தங்கை எடுத்தாள். வசூல் பிரிவிலிருந்து ஒரு பெண். "மேடம், சாரிடம் போனைக் கொடுங்க." தங்கை சொன்னாள், "அவருக்குத்தான் இன்னிக்குக் காரியம்." அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம், "சரி மேடம், பேமென்ட் எப்ப பண்ணுவீங்க?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்வது. திரையில் பெயர், எண், பாக்கித் தொகை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கடன்காரர் இறந்துவிட்டார் என்று டெபாசிட் மேஜையில் கொடுத்த தகவல் கடன் மேஜைக்குப் போகவில்லை, வசூல் ஏஜென்சிக்கு எப்படிப் போகும்? இத்தனைக்கும் வங்கிகளின் கடன் வசூல் நெறிமுறையில் ஒரு வரி இருக்கிறது: வீட்டில் துக்கம் நடந்திருக்கும் வேளையில் வசூலுக்குப் போன் செய்வதையும் நேரில் போவதையும் தவிர்க்க வேண்டும் என்று. ரிசர்வ் வங்கியும் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக்கூடாது என்று 2022-இல் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அழைப்பு வந்தது காலை பதினொன்றரைக்கு. நேரத்தில் தப்பில்லை!

அடுத்து இன்சூரன்ஸ். கடன் வாங்கும்போதே எடுத்தது உண்டு என்று மாப்பிள்ளை சொன்ன ஞாபகம் தங்கைக்கு. பீரோவில் இருந்த பைலைப் பிரித்துப் பார்த்தோம். பாலிசி இருந்தது, காலம் ஐந்து வருஷம். 2022-லேயே முடிந்துவிட்டது. 20 வருஷக் கடனுக்கு 5 வருஷப் பாதுகாப்பு! அதன் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டதால், செத்துப்போன பாலிசிக்கு இன்னும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும்போது ஒரு கடிதம், ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் அவர் புதுப்பித்திருப்பார். பைக் இன்சூரன்ஸைக்கூட ஒரு நாள் தாண்டவிடாத ஆள்.

இனி காகிதம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தாகி வர வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக வீட்டில் தங்கைக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, சிவகங்கைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அவள் மாமியாருக்கு ஒரு பங்கு. அந்த அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மகன் போன துக்கத்தில் படுத்திருந்தவரை ஆதார் கார்டோடு காரில் கூட்டிவந்து உட்கார வைத்தோம். "கட்டை விரலா, கையெழுத்தா?" என்று கேட்டார்கள். "கையெழுத்துப் போடுவேன்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

சரி, வட்டி குறைவாக இருக்கும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றி, காலத்தை நீட்டி, டியூவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். நல்ல யோசனை என்று நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் வீட்டில் மைனர் பிள்ளைகளின் பங்கு வந்துவிட்டது. மைனர் சொத்தை அடமானம் வைக்கக் கோர்ட் அனுமதி வேண்டும், 1956-ஆம் வருஷத்துச் சட்டம். பிள்ளைகளைக் காக்க வந்த நல்ல சட்டம்தான், ஆனால் அன்றைக்கு அது எங்கள் வாசலை அடைத்தது. பையனுக்கு 18 ஆகும்வரை அந்தக் கடன் அதே வங்கியில்தான், கோர்ட்டுக்கு அலையத் தெம்பு இருந்தால் ஒழிய.

இந்தக் காகிதமெல்லாம் சேர மாதக்கணக்கில் ஆகும். கடன் சட்டத்தின் கணக்கோ நாள்கணக்கு. பாக்கி 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. அதன்பின் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தலாம். நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுக்கலாம், வங்கி 15 நாளில் அதற்கு விளக்கம் தர வேண்டும். கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எனக்கு இது தெரியும். புருஷனைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆன ஒரு டீச்சருக்குத் தெரியுமா?

பணம் வராமலே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.எப். வர வேண்டும், கிராஜுவிட்டி வர வேண்டும், பி.எப்.போடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. இன்சூரன்ஸ் வர வேண்டும். அதுவே அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். குடும்பப் பென்ஷனும் உண்டு. ஆனால் ஆதாரில் ஒரு இனிஷியல், கம்பெனி ரெக்கார்டில் வேறு இனிஷியல். எல்லாம் நேராகிக் கைக்கு வர ஏப்ரல் ஆகிவிட்டது. டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைத் தாண்ட ஒரு பலகை வேண்டும். நாங்கள் கேட்டது அதுதான், ஆறு மாதம்.

கிளை மேலாளர் சின்ன வயசுப் பையன். தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்களுக்குத் தெரியாததா? ரீஸ்ட்ரக்சர் பண்ணா அக்கவுண்ட் உடனே என்.பி.ஏ. ஆயிடும். மேடமோட சிபில் ஸ்கோர் போயிடும். எனக்கும் மேல இருந்து கேள்வி வரும். எப்படியாவது நாலு டியூ புரட்டிடுங்க." அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒழுங்காக நடக்கும் கடனுக்குக் கஷ்டத்தைக் காரணம் காட்டிக் காலம் நீட்டினால், நீட்டிய அன்றே அதை வாராக்கடன் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது 2019 ஜூன் வழிமுறையில் நீங்கள் எழுதி வைத்த விதி. அந்த விதி பிறந்த காரணமும் எனக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளின் செத்த கடனைக் காலம் நீட்டி நீட்டி உயிரோடு இருப்பதாகக் காட்டிய வித்தையை அடைக்கப் போட்ட பூட்டு அது. ஆயிரம் கோடிக்காரனுக்குப் போட்ட பூட்டில் என் தங்கையின் முப்பது லட்சமும் மாட்டிக்கொண்டது.

நாலு டியூவை எப்படிப் புரட்டினோம் தெரியுமா? என் வீட்டுக்காரியின் வளையலும் ஆரமும் அதே கிளையில் நகைக்கடனுக்குப் போயின. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்தார், எடை போட்டார், பணம் கணக்கில் ஏறிவிட்டது. அதை அப்படியே வீட்டுக் கடனுக்கு மாற்றிவிட்டோம். முப்பது லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள வீட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பொறுக்க முடியாத வங்கி, அந்தப் பொறுமைக்கான காசைத் தானே எனக்குக் கடனாகக் கொடுத்து, அதற்கும் வட்டி வாங்கிக்கொண்டது.

இப்போது 2018-க்கு வருகிறேன். அந்த நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் தஞ்சாவூர்ப் பக்கம் வேலையில் இருந்தேன். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாதிக்கப்பட்ட கிராமங்களின் பட்டியல் வந்தது, வரிசையாகக் கடன்களுக்குக் காலம் நீட்டிக் கொடுத்தோம். அதற்கு நாங்கள் யாரிடமும் கெஞ்சத் தேவையிருக்கவில்லை. புயல், வெள்ளம், வறட்சி வந்தால் வங்கி என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே எழுதி வைத்திருந்தது. மாநில அளவிலான வங்கியாளர் குழு கூடும், கடனைத் திருத்தி அமைக்கலாம், குறித்த காலத்துக்குள் அப்படித் திருத்தினால் அந்தக் கடன் வாராக்கடனாகத் தரம் இறங்காது. கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, அதுதான் உயிர்நாடி. அது இருந்ததால்தான் மேலாளர்கள் பயமில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஊர் முழுக்க அடித்தால் அது புயல். ஒரு வீட்டில் மட்டும் அடித்தால்? தங்கை வீட்டில் அடித்ததும் புயல்தான். ஒரே ராத்திரியில் சம்பாதிக்கும் ஆள் இல்லாமல் போனது, வருமானத்தில் முக்கால்வாசி போனது. கலெக்டர் அறிவிப்பு இல்லாததால் அதற்கு விதி இல்லை.

அப்படி ஒரு விதி எழுதுவது பெரிய வித்தையும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பு அறிவித்தீர்கள், மே மாதத்தில் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டினீர்கள். தரம் இறங்கவில்லை. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்ததை ஒரு ஆளுக்குச் செய்ய ஏன் முடியாது? இங்கிலாந்தில் 2023 ஜூனில் வங்கிகளும் அரசும் சேர்ந்து வீட்டுக் கடனுக்கு ஒரு சாசனம் போட்டார்கள். டியூ கஷ்டமாக இருந்தால் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம், அதனால் கடன் வரலாற்றில் கறுப்புப் புள்ளி விழாது, முதல் தவணை தவறி 12 மாதம் ஆகும்வரை சம்மதமில்லாமல் வீட்டைப் பறிக்க முடியாது. நாம் அவர்களைப் பார்த்து எழுத வேண்டும் என்றுகூட இல்லை, கஜாவுக்கு எழுதியதைப் பார்த்து எழுதினாலே போதும்.

இதில் வங்கிக்கு நஷ்டமா என்று பார்ப்போம், பழைய பழக்கம், கால்குலேட்டர் எடுக்காமல் இருக்க முடியவில்லை. பாக்கி 25 லட்சம், மீதி 15 வருஷம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டியூ சுமார் 24,600 ரூபாய். ஆறு மாதம் எதுவுமே கட்டவில்லை, அந்த வட்டியை அசலில் சேர்த்துவிட்டார்கள் என்றால் பாக்கி சுமார் 26 லட்சத்து 8 ஆயிரம் ஆகும். அதை அதே 15 வருஷத்துக்குப் பிரித்தால் டியூ சுமார் 25,700. மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூடும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதமும் வட்டி மட்டும் கட்டுகிறேன் என்றால் மாதம் 17,700 போதும், அதன்பின் டியூ கூடவும் வேண்டாம், ஆறு மாதம் தள்ளி முடியும். வங்கிக்கு ஒரு பைசா போகவில்லை. நான் தள்ளுபடி கேட்கிறேன் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் வாங்கினால் கட்ட வேண்டும் என்று 31 வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

2025 செப்டம்பரில் நீங்கள் ஒரு நல்ல உத்தரவு போட்டீர்கள். இறந்த வாடிக்கையாளரின் டெபாசிட்டை, காகிதமெல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வாரிசிடம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வங்கி ஈடு தர வேண்டும் என்று. படித்ததும் சந்தோஷப்பட்டேன். 2023-லும் அப்படித்தான், கடன் முடிந்தபின் வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்றீர்கள். இறந்தவர் போட்டுவைத்த பணத்துக்கு வழி சொன்னீர்கள், கட்டி முடித்த கடனின் பத்திரத்துக்கு வழி சொன்னீர்கள். கட்டி முடிக்காமல் செத்துப்போனவரின் கடன் மட்டும் மேலாளரின் நல்ல மனசை நம்பி நிற்கிறது. வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாமே என்றார் ஒரு நண்பர். சேவைக் குறைபாடு என்று காட்டினால்தான் அங்கே புகார் நிற்கும். விதியே இல்லாத இடத்தில் எந்த விதியை மீறினார்கள் என்று எழுதுவது?

சாவு மட்டும் இல்லை. பக்கவாதம் வந்து படுத்தவர், கீமோவுக்கு லீவு எடுத்துச் சம்பளம் நின்றுபோனவர், ஒரு மெயிலில் வேலை போன சாப்ட்வேர்க்காரர். விவாகரத்து இன்னும் சிக்கல். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடனில், பிரிந்தபின் ஒருவர் கட்டுவதை நிறுத்தினால் மற்றவர் சிபிலும் சேர்ந்தே கெடும். கணவர் கட்ட வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் சொன்னாலும் வங்கியைப் பொறுத்தவரை இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. சட்டப்படி அது சரிதான். ஆனால் வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளையோடு அந்த வீட்டில் இருப்பவருக்குப் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று தகவல் சொல்லக்கூட ஏற்பாடு இல்லை. எஸ்.எம்.எஸ். எல்லாம் முதல் கடனாளியான கணவரின் போனுக்குப் போகும்.

நானும் யோக்கியன் இல்லை. பணியில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார், புருஷன் லாரி விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார் என்று. நாலு மாதம் டைம் கேட்டார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், எங்கள் பாஷையில். அந்த அம்மா மனுவும் கொடுக்கவில்லை, திரும்ப வரவும் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து யாரோ அந்தக் கடனை முழுசாக அடைத்துப் பத்திரத்தை வாங்கிப்போனார்கள். வீட்டை விற்றுவிட்டார்கள் என்று அட்டெண்டர் சொன்னார். கணக்கு முடிந்தது என்று பேரேட்டில் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஆகவே கேட்கிறேன். கடனாளி இறந்தாலோ, பெரிய நோயில் விழுந்தாலோ, வேலை போனாலோ, மணவாழ்க்கை முறிந்து வழக்கு நடந்தாலோ, உரிய சான்றைக் காட்டி ஒரே ஒரு படிவம் கொடுத்தால் ஆறு மாதம் ஒத்திவைப்போ, வட்டி மட்டும் கட்டும் வசதியோ கிடைக்க வேண்டும். சலுகையாக வேண்டாம், உரிமையாகக் கொடுங்கள். வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு, ஒரு கடனுக்கு ஒரு முறை என்று வரம்பு வையுங்கள், யாரும் துஷ்பிரயோகம் செய்ய முடியாது. அந்தக் கடன் தரம் இறங்காது என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மற்றதை நல்ல மேலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாவுச் செய்தியை ஒரு மேஜையில் சொன்னால் எல்லா மேஜைக்கும் போக வேண்டும். வங்கி தானே முடக்கிய கணக்கில் தவணை திரும்பினால் அதற்குக் கட்டணம் கூடாது. கடனோடு விற்ற இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்றால் வங்கி சொல்ல வேண்டும், கடனாளி இறக்கும்போது பாலிசி நடப்பில் இருந்தால் கிளெய்ம் படிவத்தை வங்கியே நீட்ட வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனங்களையும் இதில் சேருங்கள். வங்கி வாசல் ஏற முடியாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். அப்புறம், இதையெல்லாம் கடன் அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சடியுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் படிக்க மாட்டார்கள், தெரியும். பீரோவைத் திறந்து பைலைப் பிரிக்கும் நாளில் படிப்பார்கள்.

தங்கையின் அடுத்த டியூ வருகிற ஐந்தாம் தேதி. இப்போது அவள் கணக்கிலிருந்தே போகிறது. நேற்றே போன் செய்து பணம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். "இருக்குண்ணே, மாசாமாசம் கேக்காதீங்க" என்றாள். வளையலை மீட்டாயிற்று, ஆரம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
மதுரை